கண்டிஷனில் 'நாட்': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் மாலையில் புரோகிராமிங் படிக்க வரும் பாலிடெக்னிக், பிசிஏ மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. முதலில் சி, அடுத்து பைத்தான் அல்லது ஜாவா, நடுவில் டேட்டாபேஸுக்காகக் கொஞ்சம் எஸ்க்யூஎல் என்று போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. உதாரணங்களில் வேரியபிள் பெயர்கள் தமிழில் இருக்கும். பைத்தான் 3, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொள்ளும். இஃப், எல்ஸ் போன்ற கட்டளைச் சொற்களை மட்டும் டைப் செய்யும்போது வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

! என்ற குறி என்ன செய்கிறது?

'நாட்', அதாவது 'இல்லை' என்பதன் குறி இது. ட்ரூவை ஃபால்ஸ் ஆக்கும், ஃபால்ஸை ட்ரூ ஆக்கும். ஜாவாவில் ட்ரூ, ஃபால்ஸ் தவிர வேறு எதன் முன்னால் போட்டாலும் கம்பைல் ஆகாது. சி-யில் அந்தக் கண்டிப்பு கிடையாது. பூஜ்யம் என்றால் ஃபால்ஸ், மற்ற எந்த எண்ணும் ட்ரூ. எனவே !0 என்பது 1, !7 என்பது 0, !(-3) என்பதும் 0. இரண்டு தடவை போட்டு !!7 என்றால் பழைய 7 திரும்பி வராது, 1 வரும். பைத்தானில் தனிக் குறி இல்லை, 'நாட்' என்ற சொல்தான். ஆனால் 'சமம் இல்லை' என்பதற்கு அங்கேயும் != உண்டு.

சரி, நாட் போட்டால் 'எதிர்' வரும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நாட் போட்டால் மீதி எல்லாம் வரும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

ஒரு கடைக்காரர் ஆன்லைன் ஆர்டருக்கு புரோகிராம் கேட்கிறார் என்று வையுங்கள். வேலூர் மாவட்டத்துக்கு டெலிவரி இலவசம், மற்றதற்கு 60 ரூபாய். உடனே எழுதிவிடுவோம்:

இஃப் (மாவட்டம் != "வேலூர்")
    சார்ஜ் = 60

'மற்றது' என்றதும் நம் மனதில் வருவது ராணிப்பேட்டை, திருப்பத்தூர். கம்ப்யூட்டருக்கு அப்படி எதுவும் தெரியாது. "வேலூர்" என்ற அந்த எழுத்துகளோடு அப்படியே பொருந்தாத எல்லாமே அதற்கு மற்றதுதான். அவசரத்தில் "வேலுர்" என்று குறில் போட்டவர் மற்றது. பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விட்டவர் மற்றது. அந்தக் கட்டத்தை நிரப்பாமலே விட்டவரும் மற்றதுதான். குடியாத்தத்தில் இருந்து ஒரு பெரியவர் பழைய பழக்கத்தில் "வட ஆற்காடு" என்று எழுதியிருப்பார். 1989-ல் வட ஆற்காடு பிரிந்தது, 2019-ல் வேலூர் மூன்றானது, அவர் பேனாவில் மட்டும் எதுவும் பிரியவில்லை. குடியாத்தம் இன்றும் வேலூர் மாவட்டம், ஆனாலும் அவருக்கு 60 ரூபாய் விழும். அந்தப் பக்கம், ஆம்பூர்க்காரர் இன்னும் "வேலூர்" என்றே எழுதினால் இலவசமாகப் போகும். ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். புரோகிராம் கோடு ஒரு எரரும் காட்டாது. கடைக்குப் போன் வரும்.

இதையே இல்லை போடாமல் எழுதிப் பாருங்கள்:

இஃப் (மாவட்டம் == "வேலூர்")
    சார்ஜ் = 0
எல்ஸ் இஃப் (மாவட்டம் == "ராணிப்பேட்டை" || மாவட்டம் == "திருப்பத்தூர்")
    சார்ஜ் = 60
எல்ஸ்
    முகவரி_கேள்()

மூன்றாவது வழி ஒன்று இருந்ததே முதல் கோடில் தெரியவில்லை. != அதை இரண்டாவது வழிக்குள் தள்ளி மூடிவிட்டது. ஆம்பூர்க்காரரின் சிக்கல் இதிலும் தீராது, அதற்கு பின்கோடைப் பார்க்க வேண்டும். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பதாவது தெரிகிறது.

என் கண்டிஷன் எப்போதும் ட்ரூவாகவே வருகிறது. எவ்வளவு பார்த்தும் தப்பு தெரியவில்லை.

அநேகமாக இப்படி எழுதியிருப்பீர்கள்:

இஃப் (மாவட்டம் != "வேலூர்" || மாவட்டம் != "ராணிப்பேட்டை")

ஒவ்வொரு பேட்சிலும் பாதிப் பேராவது எழுதும் கோடு இது. மாவட்டம் வேலூர் என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். இடது பக்கம்: வேலூர் != வேலூர், ஃபால்ஸ். வலது பக்கம்: வேலூர் != ராணிப்பேட்டை, ட்ரூ. நடுவில் 'அல்லது'. மொத்தம் ட்ரூ. இப்போது ராணிப்பேட்டையை வையுங்கள்: இடது ட்ரூ, மறுபடி மொத்தம் ட்ரூ. திருப்பத்தூர் என்றால் இரண்டுமே ட்ரூ. ஒரே வேரியபிளில் ஒரே நேரத்தில் இரண்டு ஊர் இருக்க முடியாது. அதனால் இரண்டில் ஒரு 'இல்லை' எப்போதும் உண்மையாகத்தான் இருக்கும்.

"வேலூரோ ராணிப்பேட்டையோ இல்லைன்னா" என்று பேசுவதில் எந்தத் தப்பும் இல்லை. அந்தப் பேச்சில் ஒரே ஒரு 'இல்லை', அது இரண்டு ஊரையும் சேர்த்து மறுக்கிறது. கோடில் அதை இரண்டாக உடைத்து ஒவ்வொரு ஊருக்கும் ஒரு != கொடுத்துவிட்டு, நடுவில் இருந்த 'ஓ'வை மட்டும் அப்படியே || என்று விட்டுவிடுகிறோம். பேசியபடியே எழுதினால் சரியாக வரும்:

இஃப் (!(மாவட்டம் == "வேலூர்" || மாவட்டம் == "ராணிப்பேட்டை"))

உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் 'மற்றும்' என்னும் &&:

இஃப் (மாவட்டம் != "வேலூர்" && மாவட்டம் != "ராணிப்பேட்டை")

ஒரே வேரியபிளை இரண்டு வெவ்வேறு மதிப்போடு != வைத்து, நடுவில் || பார்த்தால் மேலே படிக்க வேண்டாம், அது பக் (பிழை). இதன் எதிர்வீட்டுக்காரரும் உண்டு: == இரண்டு போட்டு நடுவில் &&. அது எப்போதுமே ஃபால்ஸ்.

ஜாவாவில் எழுதுகிறவர்களுக்கு மட்டும்: ஸ்ட்ரிங்குகளை == வைத்து ஒப்பிடாதீர்கள், ஈக்வல்ஸ் மெத்தடைப் பயன்படுத்துங்கள். மேலே இருப்பது தர்க்கத்தைக் காட்ட.

டி மார்கன் விதி என்பது இதுதானா?

இதேதான்.

!(அ || ஆ) என்பதும் !அ && !ஆ என்பதும் ஒன்று.
!(அ && ஆ) என்பதும் !அ || !ஆ என்பதும் ஒன்று.

அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் ! உள்ளே நுழையும்போது ஒவ்வொன்றின் மேலும் ஏறும், நடுவில் இருக்கும் குறியும் மாறும். குறியை மாற்ற மறப்பதுதான் முந்தைய கேள்வியின் பக்.

அகஸ்டஸ் டி மார்கன் நம்ம மதுரையில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. பிறந்த நாள் 1806 ஜூன் 27. அடுத்த பதின்மூன்றாம் நாள், ஜூலை 10 அன்று, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஏழு மாதக் குழந்தையாக இங்கிலாந்து போனவர், 1828-ல் லண்டனில் கணிதப் பேராசிரியர் ஆனார். விதி அவருக்கு முன்பே ஐரோப்பாவின் மத்தியகாலத் தர்க்க அறிஞர்களுக்குச் சொல்வடிவில் தெரியும். அதைக் குறிகளாலான கணிதமாகக் கொண்டுவந்ததில்தான் அவர் பெயர் நின்றது. தேர்வில் இவ்வளவு கேட்க மாட்டார்கள். மதுரை விஷயத்தைச் சொன்னால் இன்டர்வியூ எடுப்பவர் ஒருவேளை சிரிப்பார்.

தேர்வில் கேட்காத, ஆனால் வேலையில் கடிக்கும் ஒரு சங்கதி: உடைக்கும்போது வரிசையை மாற்றாதீர்கள். கீழே 'நல்' என்றால் மதிப்பே இல்லை என்று பொருள்.

!(பெயர் == நல் || பெயர்.நீளம் == 0)

இதை உடைத்தால்

பெயர் != நல் && பெயர்.நீளம் != 0

நல் சோதனை முதலில் இருப்பதால்தான் பெயர் இல்லாதபோது நீளத்தைக் கேட்காமல் புரோகிராம் தப்பிக்கிறது. இடது பக்கத்திலேயே விடை தெரிந்துவிட்டால் வலது பக்கத்தைப் பார்க்காது என்பது ||, && இரண்டுக்கும் பொது. வரிசையைத் திருப்பி எழுதினால் தர்க்கப்படி இரண்டும் சமம், ஓட்டினால் ஜாவா எக்ஸெப்ஷன் வீசும்.

!அ == ஆ என்றால் 'அ, ஆ சமமில்லை' என்றுதானே பொருள்?

சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் இல்லை. அங்கே ! தன் பக்கத்தில் இருப்பதை உடனே பிடித்துக்கொள்ளும். (!அ) == ஆ என்றுதான் படிக்கும். சி-யில் அ-வுக்கு 5, ஆ-வுக்கு 3 கொடுங்கள். !5 என்பது 0, 0 == 3 ஃபால்ஸ். ஐந்தும் மூன்றும் சமமில்லை என்பதற்கு ஃபால்ஸ் என்று பதில் வருகிறது! சி கம்பைலரான ஜிசிசி-யில் வார்னிங் ஆப்ஷனைப் போட்டு கம்பைல் செய்தால் இதைச் சுட்டிக்காட்டும். லேபில் யாரும் அதைப் போடுவதில்லை.

பைத்தானில் 'நாட்' பொறுமையானது. ஒப்பீடு முடியும்வரை காத்திருக்கும். அங்கே நாட் அ == ஆ என்பது நாட் (அ == ஆ) தான். சி-யில் இருந்து பைத்தானுக்குப் போகிறவர்களுக்குத் தொந்தரவு இல்லை, பைத்தானில் ஆரம்பித்து ஜாவாஸ்கிரிப்டுக்குப் போகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். அங்கே 'இன்', 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' இரண்டின் முன்னாலும் அடைப்பில்லாமல் ! போட்டால் அது ஒப்பீட்டைத் தொடவே தொடாது. சந்தேகம் இருந்தால் அடைப்புக்குறி போடுங்கள். அடைப்புக்குறிக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

< என்பதற்கு எதிர் > தானே?

>= தான். 35 பாஸ் மார்க் என்றால் !(மதிப்பெண் < 35) என்பதில் சரியாக 35 எடுத்தவரும் வருவார். மதிப்பெண் > 35 என்று எழுதினால் அந்தப் பையன் ஃபெயில். இது எல்லோருக்கும் தெரிந்தது, ஆனாலும் நடக்கிறது.

இதைவிட நுணுக்கமானது, தேர்வுக்கே வராத மாணவர். மதிப்பெண் பட்டியலைப் பைத்தானில் பாண்டாஸ் லைப்ரரி வைத்து ஃபைலில் இருந்து படிக்கும்போது காலியான கட்டங்கள் பெரும்பாலும் 'நேன்' என்ற மதிப்பாக வரும், அதாவது எண்ணே அல்லாத எண். நேனை எதோடு <, >, <=, >=, == வைத்துக் கேட்டாலும் பதில் ஃபால்ஸ். இப்போது பாருங்கள்:

மதிப்பெண் < 35 என்பது ஃபால்ஸ்.
நாட் (மதிப்பெண் >= 35) என்பது ட்ரூ.

ஸ்கூல் கணக்குப்படி இரண்டும் ஒரே வாக்கியம். முதலாவதை வைத்து ஃபெயில் பட்டியல் எடுத்தால் வராதவர் அதில் இருக்க மாட்டார், இரண்டாவதை வைத்து எடுத்தால் இருப்பார். எது சரி? இரண்டும் இல்லை. அவருக்கு 'ஆப்சென்ட்' என்று தனியாக ஒரு இஃப் வேண்டும், அதுவும் முதல் வரியிலேயே.

எஸ்க்யூஎல்-லிலும் இதே கணக்குதானா? வரிகள் குறைகின்றன.

அங்கே கதை வேறு. ஒரு டேபிளில் 10 வாடிக்கையாளர்கள்: 4 பேர் வேலூர், 3 பேர் ராணிப்பேட்டை, 2 பேர் திருப்பத்தூர், ஒருவருக்கு மாவட்டம் நல். மாவட்டம் <> 'வேலூர்' என்று, அதாவது வேலூர் அல்லாதவர்களைக் கேட்டால் பைத்தான் கணக்குப்படி 6 வர வேண்டும். வருவது 5. நல் வைத்திருப்பவரைக் காணோம். மாவட்டம் = 'வேலூர்' என்று கேட்டாலும் அவர் வர மாட்டார்.

எஸ்க்யூஎல்-லில் ட்ரூ, ஃபால்ஸோடு 'தெரியாது' என்று மூன்றாவதும் உண்டு. நல்லை எதோடு ஒப்பிட்டாலும் விடை 'தெரியாது'. அதன் முன்னால் நாட் போட்டாலும் 'தெரியாது' தான். எந்த வரிகள் வேண்டும் என்று சொல்லும் 'வேர்' கண்டிஷன் ட்ரூ ஆனவர்களை மட்டுமே உள்ளே விடும். அதனால் அந்த ஒருவர் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. அவரையும் சேர்க்க, 'மாவட்டம் இஸ் நல்' என்று ஓர் 'ஆர்' போட்டுக் கேட்க வேண்டும்.

'நாட் இன்' இன்னும் மோசம். அதன் பட்டியலுக்குள் ஒரே ஒரு நல் இருந்துவிட்டால் போதும், விடையாக ஒரு வரிகூட வராது. "நேற்றுவரை வேலை செய்த குவெரி சார், இன்று காலியாக வருகிறது" என்று யாராவது வந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான். சப்குவெரியில் நல்லை வடிகட்டுங்கள், அல்லது 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதுங்கள்.

வேரியபிள் பெயரிலேயே 'இல்லை' வைக்கலாமா?

வைக்காதீர்கள். நம்ம ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று போகும். அதை அப்படியே டேட்டாவாக்கினால்:

நீரில்லா_ஆறு = ட்ரூ
சாமியில்லா_கோயில் = ட்ரூ

1981-ல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரை மறுபடி பிரதிஷ்டை செய்தார்கள். சாமியில்லா_கோயில் ஃபால்ஸ் ஆனது. 2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியபோது நீரில்லா_ஆறும் ஃபால்ஸ். இப்போது பூஜை நேரத்தைக் காட்டும் கோடு எப்படி இருக்கும்?

இஃப் (!சாமியில்லா_கோயில்)

படிக்கிறவர் ஒரு நிமிஷம் நிற்பார். கோயிலில்_சாமி என்று பெயர் வைத்திருந்தால் இஃப் (கோயிலில்_சாமி) என்று நேராகப் படித்துவிட்டுப் போய்விடுவார். 'முடக்கப்படவில்லை', 'செல்லாதது', 'காலியில்லை' எல்லாம் இந்த ரகம். 'இயங்குகிறது', 'செல்லும்', 'நிரம்பியது' என்று வையுங்கள். அப்படி வைத்தால் தேவைப்படும் இடத்தில் ஒரே ஒரு ! போதும்.

இஃப்பில் ! வைத்து, எல்ஸும் எழுதலாமா?

எழுதினால் ஓடும். ஆனால் இஃப் (!கட்டியாச்சு) ... எல்ஸ் ... என்பதில் எல்ஸ் பகுதி 'கட்டியாச்சு இல்லை இல்லை' என்றாகிறது. இரண்டு பக்கமும் வேலை இருந்தால் !-ஐ எடுத்துவிட்டு இரண்டு பகுதியையும் இடம் மாற்றிவிடுங்கள்.

எல்ஸே இல்லாத இடத்தில் ! நன்றாக உட்காரும். ஃபங்ஷனின் தலையிலேயே ஆகாததைத் திருப்பி அனுப்புவதற்கு:

இஃப் (!ஹால்_டிக்கெட்) ரிட்டர்ன்
இஃப் (!நேரம்_ஆயிற்று) ரிட்டர்ன்
தேர்வு_தொடங்கு()

இஃப்புக்குள் இஃப், அதற்குள் இன்னொரு இஃப் என்று வலது பக்கமாகச் சரிந்துகொண்டே போகும் கோடை இது நேராக்கிவிடும். இந்த ஒரு இடத்தில் எத்தனை ! வேண்டுமானாலும் போடுங்கள், நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

ஒயில் லூப்பில் கண்டிஷனைத் தலைகீழாக யோசிக்க வேண்டியிருக்கிறது. சுலப வழி உண்டா?

உண்டு. லூப் எப்போது நிற்க வேண்டும் என்பதை எழுதுங்கள்: பதில் "ஆம்" அல்லது "வேண்டாம்" என்று வந்தால் நிற்க வேண்டும். அதை முழுதாக அடைப்புக்குள் போட்டு, வெளியே ஒரு !.

ஒயில் (!(பதில் == "ஆம்" || பதில் == "வேண்டாம்"))

இதை டி மார்கன் வைத்து உடைத்து != ஆக்கச் சொல்லிச் சிலர் வற்புறுத்துவார்கள். எனக்கு இப்படி விடுவதே பிடிக்கும். நாளைக்கு மூன்றாவது பதில் ஒன்று சேர்ந்தால், உள்ளே இன்னொரு || போட்டால் முடிந்தது.

சி-யில் !ஸ்ட்ரிங்கம்ப்(அ, ஆ) என்று பார்த்தேன். சமமில்லை என்று அர்த்தமா?

தலைகீழ். அந்த ஃபங்ஷன் இரண்டு ஸ்ட்ரிங்கும் சமமாக இருந்தால் 0 தரும். ! போட்டால் 1. ஆக, 'சமம்' என்று பொருள். பழைய சி கோடு படிக்கும்போது தெரிந்திருக்க வேண்டும், நீங்களே எழுதும்போது == 0 என்று எழுதுங்கள்.

~ என்பதும் நாட் தானே?

அது பிட் பிட்டாகத் திருப்புவது. ~1 என்பது -2. பூஜ்யம் இல்லாததால் இஃப்புக்குள் அதுவும் ட்ரூ. கண்டிஷனில் அதற்கு வேலையில்லை.

காலியான லிஸ்ட்டுக்கு முன்னால் நாட் போட்டுச் சோதிக்கலாமா?

பைத்தானில் தாராளமாக, அங்கே காலி லிஸ்ட் ஃபால்ஸ். ஜாவாஸ்கிரிப்டில் காலி அரே ட்ரூ, அதனால் ! போட்டால் எப்போதும் ஃபால்ஸ். நீளம் 0-வா என்று கேளுங்கள். பைத்தானிலும் ஒரு இடத்தில் கவனம்: நாட் வயது என்று எழுதினால் வயது கொடுக்காதவரும், 0 வயதுக் குழந்தையும் ஒரே கூடையில் விழுவார்கள். 'வயது இஸ் நன்' என்று கேட்டால் கொடுக்காதவர் மட்டும் வருவார்.

ரூபியில் 'அன்லெஸ்' என்று ஒன்று இருக்கிறதாமே?

பெர்லிலும் உண்டு. இஃப் நாட் என்பதற்கு ஒரே சொல். ஒற்றை, சின்னக் கண்டிஷனுக்கு அழகாக இருக்கும். அதற்குள் இன்னொரு ! போடாதீர்கள், பின்னால் எல்ஸும் சேர்க்காதீர்கள். அந்த இரண்டு இடத்திலும் பழைய இஃப்புக்கே திரும்பிவிடுங்கள்.